வாசகர் கேள்வி – பதில்: மலிவாகிவிட்ட டிஎன்ஏ வாசிப்பு

இந்தியர் 10,000 பேரின் ஜீனோமை, அதாவது டிஎன்ஏ முழுவதையும், படித்த ‘ஜீனோம் இந்தியா’ திட்டத்தைப் பற்றிச் சென்ற இதழில் அரைப்பக்கக் குறிப்பொன்று எழுதியிருந்தேன். ‘ஒருவருடைய டிஎன்ஏ முழுவதையும் படிக்க இன்று சில நூறு டாலர் போதும்’ என்று அதில் வந்த ஒரே வரிக்குத்தான் இத்தனை கடிதங்கள். கடலூர், புதுச்சேரி வட்டாரத்திலிருந்து வந்தவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். குடும்ப விவரங்களை மனம் திறந்து எழுதியவர்கள் பலர் என்பதால் யாருடைய பெயரையும் வெளியிடவில்லை.

மனித ஜீனோம் திட்டத்துக்கு 300 கோடி டாலர் செலவானது என்று வகுப்பில் சொல்கிறேன். அதே வேலை இப்போது 200 டாலருக்கு முடிகிறது என்றால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். இந்த விலைச்சரிவை எப்படி விளக்குவது?
— ஆசிரியை, பண்ருட்டி

பிள்ளைகளின் சிரிப்பில் நியாயம் இருக்கிறது. அந்த இரண்டு தொகைகளையும் நேருக்கு நேர் நிறுத்துவதே சரியில்லை. 1990இல் தொடங்கி 2003 ஏப்ரலில் நிறைவுற்றதாக அறிவிக்கப்பட்ட அந்தத் திட்டத்துக்கு அமெரிக்கா செலவிட்ட சுமார் 270 கோடி டாலரில் (1991ஆம் ஆண்டு மதிப்பில்) குரோமோசோம்களுக்கு வரைபடம் தயாரித்தது, ஈஸ்ட்டையும் புழுவையும் பழ ஈயையும் படித்தது, கருவிகளை உருவாக்கியது, சட்டம், அறம் பற்றிய ஆய்வுகளுக்குக் கொடுத்தது எல்லாம் அடங்கும். அது சாலை போட்ட செலவு. பஸ் டிக்கெட்டின் விலை அன்று. ஒப்பிடத் தகுந்த கணக்கை அமெரிக்க தேசிய மனித ஜீனோம் ஆராய்ச்சி நிறுவனம் வைத்திருந்தது. அதன்படி, ஒரு மனித ஜீனோமைப் படிக்கும் செலவு 2001இல் ஏறத்தாழ 9.5 கோடி டாலராகவும், 2007இல் ஒரு கோடி டாலருக்குக் கீழாகவும் இருந்து, 2011இன் இறுதியில் பத்தாயிரம் டாலருக்குள் அடங்கி, 2015இல் ஆயிரத்துச் சொச்சத்துக்கு வந்து, 2022இல் சுமார் 500 டாலரைத் தொட்டது.

இதில் 2007இலிருந்து 2011 வரையிலான நான்கே ஆண்டுகளில் விலை ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்தது என்பதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினால், ஏதோ ஒன்று அடியோடு மாறியிருக்க வேண்டும் என்பது அவர்களுக்கே விளங்கிவிடும். மாறியது வாசிக்கும் முறை. பிரெடரிக் சாங்கர் 1977இல் வகுத்த முறையில், டிஎன்ஏவை நகலெடுக்கும்போதே ஆங்காங்கே நகலை நிறுத்தி, நின்றுபோன துண்டுகளை நீளவாரியாகப் பிரித்து, எந்த எழுத்தில் (டிஎன்ஏவை ஆக்கும் நான்கு வேதி அலகுகளில் எதில்) நின்றது என்று பார்ப்பார்கள். துல்லியமான முறை, அதற்காக 1980இல் அவருக்கு இரண்டாவது நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் இயந்திரமயமான பிறகும், ஒரு கருவியில் ஒரே நேரத்தில் 96 துண்டுகள், துண்டுக்கு ஏறத்தாழ 700 எழுத்துகள் என்ற அளவில்தான் வேலை நடந்தது. மனித ஜீனோமில் இருப்பவையோ 300 கோடிக்கு மேற்பட்ட எழுத்துகள்.

சென்னையில் பிறந்து கைக்குழந்தையாகவே இங்கிலாந்து சென்ற சங்கர் பாலசுப்ரமணியனும் அவருடைய சகா டேவிட் கிளெனர்மனும் கேம்பிரிட்ஜில் யோசித்தது வேறு வழி. டிஎன்ஏவைச் சில நூறு எழுத்து நீளமுள்ள துண்டுகளாக உடைத்து, கண்ணாடிப் பரப்பு ஒன்றில் கோடிக்கணக்கில் ஒட்டவைத்து, ஒவ்வொன்றையும் அதே இடத்தில் சிறு கூட்டமாகப் பெருக்கிவிடுவார்கள். பிறகு நான்கு எழுத்துகளுக்கும் ஒளிரும் சாயம் ஏற்றி, ஒரு நேரத்தில் ஓர் எழுத்துக்கு மேல் சேர முடியாதபடி அதன் வாலில் ஒரு தடையும் வைத்து, பரப்பின் மேல் ஓடவிடுவார்கள். ஒவ்வொரு துண்டிலும் ஓர் எழுத்து சேர்ந்ததும் முழுப் பரப்பையும் ஒரே படமாக எடுத்து, சாயத்தையும் தடையையும் நீக்கி, அடுத்த எழுத்தை அனுப்புவார்கள். 150 முறை இப்படிச் செய்தால், ஒட்டியிருக்கும் கோடிக்கணக்கான துண்டுகள் ஒவ்வொன்றிலும் 150 எழுத்துகள் தெரிந்துவிடும். 1998இல் அவர்கள் தொடங்கிய சொலெக்சா நிறுவனத்தை 2007இல் இல்லுமினா வாங்கியது. உலகில் இன்று படிக்கப்படும் டிஎன்ஏவில் மிகப் பெரும்பகுதி இந்த வழியில் படிக்கப்படுவதே.

கிடைப்பவை சின்னஞ்சிறு துண்டுகள் என்பதால் அவற்றைக் கோப்பது தனி வேலை. நைந்த ஏட்டுச்சுவடியின் நறுக்குகளைக் கையில் வைத்துக்கொண்டு, ஏற்கெனவே அச்சான பதிப்பைப் பார்த்து, ‘இது இந்தப் பாட்டின் மூன்றாம் அடி’ என்று இடம் கண்டுபிடிக்கும் பதிப்பாசிரியரின் வேலையைக் கணினி செய்கிறது. பெரும்பாடுபட்டு 2003இல் முடித்தது அந்த முதல் அச்சுப்பதிப்பைத்தான். அது இல்லாமல் பின்னால் வந்த மலிவு கிடைத்திருக்காது. ஒரே ஏட்டை நம்பாமல் பல ஏடுகளை ஒப்புநோக்குவதுபோல் ஒவ்வோர் எழுத்தையும் சராசரியாக 30 முறை படிக்கிறார்கள். அப்போதுதான் கருவியின் பிழை எது, அந்த மனிதருக்கே உரிய பாடபேதம் எது என்று பிரித்தறிய முடியும்.

200 டாலர் என்றால் சுமார் பதினெட்டாயிரம் ரூபாய்தானே! என் அக்காளுக்கு மருத்துவர் சொன்ன பரிசோதனைக்கு ஆய்வகத்தில் அதைவிட அதிகம் கேட்டார்கள். ஏமாற்றுகிறார்களா?
— வாசகர், வில்லியனூர்

இல்லை, அந்த ஆய்வகத்தைச் சந்தேகிக்கத் தங்கள் கடிதத்தில் காரணம் எதுவும் தெரியவில்லை. 2022இல் இல்லுமினா தன் புதிய கருவியுடன் அறிவித்த 200 டாலர் என்பது ஏறக்குறைய வேதிப்பொருளின் விலை. அதுவும், ஒரே ஓட்டத்தில் அறுபதுக்கு மேற்பட்ட ஜீனோம்களை அடைக்கக்கூடிய பெரிய தகடு முழுவதும் நிரம்பினால்தான். கருவியின் விலையே பத்து லட்சம் டாலரை ஒட்டியது. கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் பஸ்ஸில் போகும் கட்டணத்தைக் காட்டி, அதே பஸ்ஸைத் தனி ஒருவருக்காக அதே கட்டணத்தில் எடுக்கச் சொல்ல முடியாதல்லவா? வாரத்துக்கு நாலைந்து மாதிரிகள் வரும் ஆய்வகம் ஒன்று தகடு நிரம்பக் காத்திருந்தால் நோயாளி காத்திருக்க வேண்டும்; காத்திருக்காவிட்டால் காலி இருக்கைகளுக்கும் அவரே பணம் கட்ட வேண்டும். இதற்கு மேல் இறக்குமதிச் செலவு, டிஎன்ஏவைப் பிரித்தெடுத்துத் தயார் செய்யும் கைவேலை, சேமிப்பு, எல்லாவற்றுக்கும் மேலாக, வந்த எழுத்துகளை உட்கார்ந்து பார்த்து அறிக்கை எழுதும் நிபுணரின் நேரம். இந்தக் கடைசிச் செலவு மட்டும் கடந்த இருபது ஆண்டுகளில் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறையவில்லை. குறையும் என்று எதிர்பார்ப்பதற்கும் இடமில்லை.

சட்டைப் பையில் அடங்கும் டிஎன்ஏ கருவி வந்துவிட்டதாமே? படகிலேயே மீனின் டிஎன்ஏவைப் படிக்க முடியுமா?
— கடல் உயிரியல் மாணவர், பரங்கிப்பேட்டை

முடியும். ஆக்ஸ்ஃபோர்டு நானோபோர் நிறுவனம் 2014இல் ஆய்வாளர்களின் சோதனைக்குக் கொடுக்கத் தொடங்கிய ‘மின்அயான்’ கருவி நூறு கிராமுக்கும் குறைவான எடை கொண்டது. மடிக்கணினியில் பென்டிரைவ் போலச் சொருகிவிடலாம். இதில் சாயமும் இல்லை, படமும் இல்லை. மெல்லிய படலம் ஒன்றில் புரதத்தால் ஆன நுண்துளைகள் இருக்கும். அவற்றின் வழியாக மின்னோட்டம் பாய்ந்துகொண்டிருக்கும். டிஎன்ஏ இழை துளைக்குள் நுழைந்து நகரும்போது, துளையில் அந்தக் கணம் எந்த எழுத்துகள் நிற்கின்றனவோ அதற்கேற்ப மின்னோட்டம் தடைப்படும். அந்த ஏற்ற இறக்கத்திலிருந்து கணினி எழுத்துகளை ஊகிக்கும். ஊசிக் காதில் நூல் ஓடும்போது விரலில் முடிச்சுகள் தட்டுப்படுவது போன்றதுதான். தொடக்கக் காலத்தில் பத்து எழுத்துக்கு ஒன்றுக்கு மேல் பிழையாக வந்தது. இன்று நூற்றுக்கு 99க்கு மேல் சரியாக வருகிறது. 2015இல் கினி நாட்டில் எபோலா பரவியபோது பயணப் பெட்டியில் எடுத்துச்சென்ற கருவிகளை வைத்து அங்கேயே கிருமியின் ஜீனோமைப் படித்தார்கள். 2016இல் விண்வெளி நிலையத்தில் விண்வெளி வீராங்கனை கேட் ரூபின்ஸ் இதே கருவியில் டிஎன்ஏவைப் படித்தார்.

இதன் உண்மையான சிறப்பு சிறிய உருவத்தைவிட, நீண்ட இழைகளை உடைக்காமல் படிப்பதில் இருக்கிறது. ஒரே சொற்றொடர் நூறு முறை திரும்பி வரும் பகுதிகளில் நறுக்குகளை வைத்துக்கொண்டு இடம் காண முடியாது. முழு ஏடும் கையில் இருந்தால் முடியும். மனித ஜீனோமில் 2003க்குப் பிறகும் படிக்கப்படாமலிருந்த சுமார் 8 விழுக்காட்டை 2022இல் நிரப்ப உதவியவை இத்தகைய நீண்ட வாசிப்புகளே.

மீனுக்கு வருகிறேன். பிடிபட்ட ஒரே ஒரு மீன் எந்த இனம் என்று அறிய ஜீனோம் முழுவதையும் படிக்கத் தேவையில்லை. 2003இல் கனடாவின் பால் ஹெபர்ட் முன்மொழிந்த ‘டிஎன்ஏ பார்கோடு’ முறைப்படி, செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள ஒரு மரபணுவின் சுமார் 650 எழுத்துகள் போதும். அந்த 650 எழுத்துகளுக்குச் சாங்கரின் பழைய முறையே இன்றும் சிக்கனமானது. அடுத்த தெருவுக்குச் சைக்கிளில்தான் போக வேண்டும். வெள்ளாற்று முகத்துவாரத்தில் ஒரு குடம் நீரை அள்ளி, அதில் கலந்திருக்கும் டிஎன்ஏவிலிருந்து அங்கே எந்தெந்த மீன்கள் இருக்கின்றன என்று கேட்பீர்களானால், அது புதிய கருவிக்கான வேலை. விடையின் தரம் மட்டும் ஒப்பிட்டுப் பார்க்கும் பட்டியலைப் பொறுத்தது. தங்கள் ஊர்க் கடல் உயிரியல் மையத்தில் மீன்களை அடையாளம் கண்டு, பெயரிட்டு, புட்டியில் வைத்திருக்கிறார்களே, அந்த வேலை நடக்காத கடற்கரையில் எந்தக் கருவியும் ‘இனம் தெரியவில்லை’ என்றுதான் சொல்லும்.

என் தாய்மாமனையே மணந்துகொண்டேன். முதல் குழந்தை எட்டு மாதத்தில் தவறிவிட்டது. இரண்டாவது மகனுக்கு மூன்று வயதாகியும் நடை வரவில்லை, வலிப்பும் வருகிறது. எக்ஸோம் பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள். கடன் வாங்கித்தான் செய்ய வேண்டும். செய்தால் குணமாகுமா? மாமியார் வீட்டில் எல்லாம் என் மேல்தான் என்கிறார்கள்.
— ஒரு தாய், கடலூர் முதுநகர்

சகோதரி, கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். தங்கள் மேல் குற்றம் எதுவும் இல்லை. தங்கள் கணவர் மேலும் இல்லை. நம் ஒவ்வொருவரிடமும் பழுதுபட்ட மரபணுப் படிகள் சில இருக்கின்றன. ஒரு மரபணுவுக்கு இரண்டு படிகள் உண்டு என்பதால், ஒன்று பழுதானாலும் மற்றது சமாளித்துவிடும். தாய்மாமனும் மருமகளும் தம் மரபணுவில் சராசரியாகக் கால் பங்கைப் பொதுவில் கொண்டிருப்பார்கள். அத்தை மகன், மாமன் மகள் என்றால் எட்டில் ஒரு பங்கு. எனவே இருவரிடமும் ஒரே பழுது இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. அப்படி இருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பாக, குழந்தைக்கு இரண்டு படிகளும் பழுதாகவே வந்துவிடும். அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. ஒருவர் மேல் மட்டும் பழி போட இதில் கணக்கே இடம் தரவில்லை. நெருங்கிய சொந்தத்தில் மணந்தவர்களுக்கு மட்டும் இது நேர்வதும் இல்லை. தலைமுறை தலைமுறையாகத் தம் சமூகத்துக்குள்ளேயே மணம் செய்துவரும் நம் நாட்டில், ‘சொந்தமில்லை’ என்று நினைக்கும் இருவருக்கும் பழைய மூதாதை ஒருவரின் பழுது பொதுவாக இருக்கக்கூடும். ஆரிய வைசியர்களிடையே சக்சினைல்கோலின் என்ற மருந்தை உடைக்கும் நொதியின் குறைபாடு மற்றவர்களைவிட மிகுந்து காணப்படுவதும், அறுவை சிகிச்சையில் அந்த மருந்தைக் கொடுத்தால் தசைகள் வெகுநேரம் செயலற்றுக் கிடப்பதும் இதற்குப் பலரறிந்த எடுத்துக்காட்டு.

எக்ஸோம் என்பது ஜீனோமில் புரதங்களுக்கான குறிப்பு எழுதப்பட்டிருக்கும் பகுதி. மொத்தத்தில் இரண்டு விழுக்காடுகூட இல்லை. ஆனால் இன்று நாம் அறிந்த மரபணு நோய்களின் காரணங்களில் பெரும்பாலானவை அங்கேதான் இருக்கின்றன. இரண்டு விழுக்காட்டை மட்டும் படிப்பதால் செலவும் குறைகிறது. செய்தால் குணமாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பரிசோதனை குணப்படுத்தாது. இத்தகைய குழந்தைகளில் மூன்று நான்கு பேரில் ஒருவருக்குத்தான் உறுதியான விடை கிடைக்கிறது. அப்படிக் கிடைக்கும் விடைகளில் சில, சிகிச்சையையே மாற்றிவிடும்: வலிப்புடன் வரும் சில நோய்கள் குறிப்பிட்ட வைட்டமினுக்கோ உணவு மாற்றத்துக்கோ கட்டுப்படுபவை, வேறு சிலவற்றில் வழக்கமான வலிப்பு மருந்து ஒன்றே தீங்காகிவிடும். மற்றவற்றில், மகனுக்குப் புதிதாகச் செய்ய ஒன்றும் இல்லாவிட்டாலும், அடுத்த குழந்தையைப் பற்றி முடிவெடுக்க விடை பயன்படும். நோய்க்குக் காரணமான எழுத்துமாற்றம் இன்னதென்று தெரிந்துவிட்டால், அடுத்த கருவில் ஏறத்தாழ 11 வாரத்துக்குப் பிறகு நச்சுக்கொடித் திசுவிலோ, 16 வாரத்தை ஒட்டிப் பனிக்குட நீரிலோ அதை மட்டும் தேடிப் பார்க்கலாம். கருவின் பாலினத்தை மட்டும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி யாரும் சொல்லக் கூடாது, கேட்கவும் கூடாது.

கடன் வாங்குமுன் மூன்று செய்திகளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மகனுடைய ரத்தத்தோடு தங்கள் இருவருடைய ரத்தத்தையும் சேர்த்துப் பார்ப்பார்களா என்பது முதலாவது. மூவரையும் ஒப்பிட்டால்தான் பாதி குழப்பம் தீரும். விடை வராவிட்டால் ஓரிரு ஆண்டுகள் கழித்து அதே தரவை மீண்டும் பார்த்துத் தருவார்களா என்பது அடுத்தது. அறிக்கையை உட்கார்ந்து விளக்கிச் சொல்ல மரபியல் ஆலோசகர் இருக்கிறாரா என்பதையும் கேளுங்கள். இரண்டாவதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ‘பொருள் உறுதிப்படாத மாற்றம்’ என்ற ஒரு வகை அறிக்கைகளில் அடிக்கடி வரும். ஓர் எழுத்து மாறியிருக்கிறது. அது நோயைத் தருமா, வெறும் பாடபேதமா என்று யாருக்கும் தெரியவில்லை என்பதே அதன் பொருள். நெடுங்காலமாக உலகத் தரவுத்தளங்களில் ஐரோப்பிய வம்சாவளியினரே பெரும்பான்மையாக இருந்ததால், நம் ஊரில் சாதாரணமாக நூறு பேருக்கு இருக்கும் மாற்றம்கூட அங்கே காணக் கிடைக்காமல், ‘அரியது, சந்தேகத்துக்குரியது’ என்று பெயர் வாங்கிவிடும். 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்ட ஜீனோம் இந்தியாவின் 10,000 பேர் தரவு இங்கேதான் கைகொடுக்கிறது. நோயற்ற இந்தியர் பலரிடம் அதே மாற்றம் இருந்தால் சந்தேகம் பெரும்பாலும் விலகிவிடும். சென்ற இதழ்க் குறிப்பில் நான் எழுதியிருக்க வேண்டியது இதைத்தான்; விலையைப் பற்றி எழுதினேன்.

அப்படிப்பட்ட மாற்றம் ஒன்று அறிக்கையில் வந்தால், அதை நம்பிக் கருவைக் கலைக்கும் முடிவையோ, மருந்தை நிறுத்தும் முடிவையோ எடுத்துவிடாதீர்கள். பரிசோதனை முடியும்வரை பிசியோதெரபியையும் வலிப்பு மருந்தையும் ஒரு நாளும் விடவேண்டாம்.

கரும்பில் செவ்வழுகல் வந்து இரண்டு வருஷமாக நஷ்டம். டிஎன்ஏ பார்த்து நோய் வராத ரகம் கொடுக்க முடியாதா?
— விவசாயி, நெல்லிக்குப்பம்

கரும்பின் டிஎன்ஏவைப் படிப்பது மனிதருடையதைவிடப் பன்மடங்கு கடினம், ஐயா. 1912இல் கோயம்புத்தூரில் தொடங்கிய இனப்பெருக்க நிலையத்தில் இனிப்புக் கரும்பையும் காட்டு நாணல் கரும்பையும் கலந்து ரகங்களை உருவாக்கத் தொடங்கியதிலிருந்து, நம் வயலில் இருப்பவை எல்லாம் கலப்புகளே. அவற்றில் நூற்றுக்கு மேற்பட்ட குரோமோசோம்கள். ஒரே மரபணுவுக்குப் பத்துப் பன்னிரண்டு படிகள். ஏறக்குறைய ஒரே மாதிரியான பன்னிரண்டு சுவடிகளைக் கிழித்து ஒன்றாகக் கொட்டியது போன்ற நிலை. நெல்லின் ஜீனோம் இருபது ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது. இந்தச் சிக்கலால் கலப்புக் கரும்பான ஆர்570 ரகத்தின் விரிவான ஜீனோம் 2024இல்தான் வெளிவந்தது. அதிலும் துருநோய்க்கு எதிர்ப்புத் தரும் பகுதியை அடையாளம் கண்டார்கள். செவ்வழுகல் வேறு பூசணம். புதிய ரகத்தைத் தாக்கும் வடிவம் எடுத்துக்கொண்டே வருவது. சர்க்கரைச் சத்தில் பெயர்பெற்ற சிஓசி 671 அந்த நோயில் வீழ்ந்ததைத் தாங்கள் பார்த்திருப்பீர்கள். மலிவான வாசிப்பால், நாற்றுப் பருவத்திலேயே ஆயிரக்கணக்கான கன்றுகளைச் சலித்தெடுக்க வழி பிறக்கிறது. ஆனாலும் புதிய ரகம் வயலுக்கு வரப் பத்து ஆண்டுக்கு மேல் ஆகிறது. இந்தப் பட்டத்துக்கு நோயற்ற வயலிலிருந்து கரணை (நடவுத் துண்டு) எடுப்பதும், நோய் கண்ட வயலில் கட்டைப்பயிர் விடாமல் பயிரை மாற்றுவதும்தான் கைவசம் இருக்கும் வழி.

தம்பிக்கு மருந்துக்கு அடங்காத காசநோய் என்கிறார்கள். தனியாரிடம் பணம் கட்டி டிஎன்ஏ பரிசோதனை செய்யலாமா?
— வாசகர், பாகூர்

முதலில் அரசுத் திட்டத்தில் என்ன கிடைக்கிறது என்று கேளுங்கள். பரிசோதனையும் மருந்தும் அங்கே இலவசம். காசநோய்க் கிருமியின் ஜீனோம் 44 லட்சம் எழுத்துகளே. எந்தெந்த மருந்துக்கு அது அடங்காது என்பதை ஒரே வாசிப்பில் சொல்லும் முறையை உலக சுகாதார நிறுவனமும் 2024இல் பரிந்துரைத்திருக்கிறது. பெடாகுவிலின் போன்ற புதிய மருந்துகளில் எந்த எழுத்துமாற்றம் எவ்வளவு எதிர்ப்பைத் தரும் என்பது இன்னும் முழுமையாகத் தெரியாததால், கிருமியை வளர்த்துப் பார்க்கும் பழைய சோதனையும் தேவைப்படுகிறது. வளர்க்க வாரக்கணக்கில் ஆகும். அதுவரை கொடுத்த மருந்தைத் தம்பி விடாமல் சாப்பிட வேண்டும்.

எங்கள் குடும்பத்தில் பிரெஞ்சு ரத்தம் உண்டு என்று பாட்டி சொல்வார். எச்சில் அனுப்பினால் வம்சாவளி சொல்லும் நிறுவனத்துக்கு அனுப்பலாமா? தம்பி வேண்டாம் என்கிறான்.
— வாசகி, புதுச்சேரி

1674இல் பிரெஞ்சுக்காரர் இங்கே காலூன்றினார்கள். பாட்டி சொல்லும் முன்னோர் பத்துத் தலைமுறைக்கு முந்தையவர் என்றால், தங்களிடம் அவருடைய பங்கு சராசரியாக 1,024இல் ஒன்று. துண்டு துண்டாகக் கைமாறுவதால் ஒன்றுகூட வந்து சேராமல் போவதும் சாதாரணம். அப்போது ‘இல்லை’ என்று வரும் விடை பாட்டியைப் பொய்யாக்காது. மாதா கோவில் ஞானஸ்நானப் பதிவேடு இதற்கு மேலான சாட்சி.

தம்பி சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. இத்தொழிலில் பெயர்பெற்ற 23அண்ட்மீ நிறுவனத்திலிருந்து 2023இல் சுமார் 69 லட்சம் பேரின் விவரங்கள் திருடுபோயின. 2025 மார்ச்சில் அது திவால் மனு கொடுத்தது. கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளலாம், டிஎன்ஏவை மாற்ற முடியாது. தங்கள் எழுத்துகளில் ஏறத்தாழப் பாதி தம்பியுடையவையும்கூட. ஆகவே அனுப்புவதென்றால் ஒப்புதல் படிவத்தை அவருடன் சேர்ந்து படித்து, ‘தரவை ஆய்வுக்குப் பகிரலாம்’ என்ற கட்டத்தில் டிக் போடலாமா என்று அவரையும் கேட்டுக்கொள்ளுங்கள்.